சேவல் வெட்டிய எலும்பு

நான் கோழிக்கறி சாப்பிடுவதில்லை, ஐயா. ருசி பிடிக்காது, அவ்வளவுதான்.

2001-இல் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கிடங்கை இடித்து அஸ்திவாரம் தோண்டினார்கள். குழி நிறையச் சேவல் கால் எலும்புகள். எல்லாவற்றிலும் பின்முள் அறுக்கப்பட்டிருந்தது. கத்தி கட்டுவது அந்த இடத்தில்தான். எப்போதோ அங்கே சேவல் சண்டை நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். கூடவே ஒரு மனிதத் தொடை எலும்பும் கிடந்தது, மயிரிழை போல ஒரு வெட்டோடு. சேவலின் கத்தி பட்டுச் செத்த ஆள் என்று எங்கள் கல்லூரித் தொல்லியல் கூட்டத்தில் சொன்னேன்.

"கோழி உதைச்சு எலும்பு அறுபடுமாய்யா?" என்றார் பேராசிரியர் ஜெயவேல். அரங்கமே சிரித்தது.

குழி தோண்டியவர்களில் இன்னாசி என்பவர் முன்பு சண்டைச் சேவல் வளர்த்தவர். விற்க மனமில்லாமல் ஒன்றை மட்டும் வைத்திருந்தார். கத்தி கட்டிக் காட்டச் சொன்னேன்.

"வாணாம் சார், பேஜாரு. மேரிகிட்ட சத்தியம் பண்ணிகீறேன்."

"ஒரே தடவை, இன்னாசி. ஆராய்ச்சிக்கு."

என் பேச்சை அவர் தட்டமாட்டார். ஞாயிறு மத்தியானம், ஆளில்லாத குழிக்குள் சேவலோடு வந்தார். கத்தியை நான் சாணை பிடித்து வைத்திருந்தேன். அவர் கட்டி முடித்ததும் ஒரு துணியை உதறினேன். மிரண்ட சேவல் எகிறி அவர் தொடையில் அடித்தது.

விபத்து என்று உங்கள் போலீஸ் ஆட்கள் எழுதி முடித்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில், தொடை எலும்பில் மெல்லிய வெட்டு என்று இருந்தது. "நீ சொன்னது சரிதான்யா" என்றார் ஜெயவேல். கட்டுரையில் இன்னாசிக்கு நன்றி தெரிவித்திருக்கிறேன்.

போன வாரம் அவர் மனைவி அடைக்கலமேரி என்னைத் தேடி வந்தார்.

"கடைசியா இன்னா சொன்னாரு சார்?"

"உங்க பேரைத்தான் சொன்னாரு."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. கை ஈரமாகவே இருக்கிறது.

இன்னாசி சொன்னது அதுவல்ல. "லேசாத்தான் கிழிச்சிகீது, துணியால கட்டு சார்" என்று சிரித்தார். நான் குனிந்து காயத்தை விரித்துப் பார்த்தேன். அதே அளவில் இன்னொரு கத்தி என் பையில் இருந்தது. அதை எடுத்தபோது, "இன்னா சார் பண்றே?" என்று கேட்டார். பயமே இல்லாமல்தான் கேட்டார்.

எலும்பைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது, ஐயா. அந்த இரண்டு விரற்கடை மட்டும்தான் நான். மற்றதெல்லாம் சேவல் செய்தது.