அண்ணன் விஷயத்தில் என் கணிப்பு

காபி நன்றாகப் போடுவேன், சார். டாக்டர்களில் இது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனால் அடுப்படி என் வசம்தான். அண்ணி நிம்மதியாகப் பேப்பர் படிப்பார்.

மறதி நோய்க்கான கிளினிக்கில் இருக்கிறேன். ஸ்கேனையும் சில கேள்விகளுக்கு வரும் பதிலையும் வைத்து, யாருக்கு மறதி லேசாகவே நிற்கும், யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்வேன். சொன்னால் சொன்னதுதான் என்று பெயர்.

அண்ணன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார் என்று அண்ணி அழைத்து வந்தார். பார்த்தேன். லேசான பாதிப்புதான், ஆனால் இரண்டு வருடத்தில் முற்றிவிடும் என்று குடும்பத்தைக் கூட்டி வைத்துச் சொன்னேன். அண்ணி அழுதார். அண்ணனோ, "எழுதிக் குடுத்துடுப்பா, நான் மறந்துடப் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு வருடம் ஓடியது. மனிதருக்கு மறதி முற்றவில்லை, தேறினார். சிலர் அப்படித் தேறுவதுண்டு என்று மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பாடம் வேறு, சொந்த அண்ணன் வேறு. சீட்டாட்டத்தில் என்னை மண்ணைக் கவ்வ வைத்தார். என்னோடு வேலை பார்க்கும் டாக்டர்கள் வந்திருந்த விருந்தில் தோளில் கை போட்டு, "தம்பி, நான் யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் தொடவே கூடாது என்று நாங்கள் எச்சரிக்கிற மாத்திரைகள் உண்டு. மூளையை மந்தமாக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் போடும் காபியின் கசப்பில் தெரியாது. மற்ற நாட்களுக்கு அதையே பொடியாக்கி அண்ணியிடம் கொடுத்தேன்.

"இதென்ன தம்பி?"

"சத்துப் பொடி அண்ணி. மூளைக்கு நல்லது."

ஒரு வேளைகூடத் தவறாமல் கலக்கிக் கொடுத்தார். அவரைப்போல் பொறுப்பான ஆளைப் பார்ப்பது அரிது. நான் போகும்போது அண்ணனின் மூக்குக்கண்ணாடியை மட்டும் இடம் மாற்றி வைப்பேன். தேடித் தேடி வியர்த்து நிற்பவரை உட்கார வைத்து, "விடுண்ணா, வயசாச்சுல்ல" என்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதுக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

சீட்டை எடுத்தால் எந்தச் சீட்டு என்று விழித்தார். கேலியும் நின்றது. வீட்டில் எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

பிறகுதான் மாடிப்படியில் தலைகுப்புற விழுந்தார். மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தவர்கள் மருந்தைக் கண்டுபிடித்து உங்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கடமை, குறை சொல்ல மாட்டேன்.

ஆமாம், கொடுத்தது நான்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள், சார். மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆயிற்று. அண்ணனுக்கு இன்னும் தெளியவில்லை. அண்ணியைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்கிறார். மருந்துதான் காரணம் என்றால் இந்நேரம் தெளிந்திருக்க வேண்டுமே.

ஆகையால் என் கணிப்பு சரி. தேதிதான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.