முசெத்தும் என் தம்பியின் பாட்டும்

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். உங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும்.

என் தம்பி ஹேய்க்காவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவன். அவனுக்கும் எனக்கும் ஒரு மனக்கசப்பும் கிடையாது. எங்கள் அப்பா விட்டுப்போன பறக்கும் பனிமான்களை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம். குளிர்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் தபாலும் மருந்தும் போக எங்கள் வண்டியை விட்டால் வேறு வழி இல்லை.

மான் சும்மா பறக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு உண்டு. ஹேய்க்கா அதை முணுமுணுத்தால் போதும், முன்னால் போகும் தாய்மான் முசெத் கால்களை மடக்கிக்கொண்டு எழும்பும், மற்றவையும் பின்னாலேயே எழும்பும். நானும் அதே பாட்டைத்தான் பாடினேன். முசெத் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாசியை மேயப் போய்விடும். ஊரில் சிரித்தார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை நடக்க வேண்டுமே. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் தனியாக ஓட்டும் நாட்களில் கன்றைச் சாக்கில் கட்டி வண்டியின் முன்பக்கம் தொங்கவிட்டு, அதன் காதைக் கத்தியால் லேசாகக் கீறுவேன். அது கத்தும். தாய் மேலே ஏறும். வேகம் குறைந்தால் இன்னொரு கீறல். எங்கள் மான்களுக்கு அடையாளத்துக்காகக் காதை வெட்டுவது வழக்கம்தான். கொஞ்சம் கூடுதலாக வெட்டினேன், அவ்வளவுதான். குளிரில் கன்றுகள் நெடுநாள் தாங்காது. அது குளிரின் குற்றம்.

ஹேய்க்கா ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் பனியைத் தோண்டிப் பார்த்துவிட்டான்.

“அண்ணா, இதெல்லாம் என்ன?”

“செத்த கன்னுங்கதான்டா. நீ ஏன் தோண்டுற?”

“காதே இல்லையே ஒண்ணுக்கும்.”

நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவன் கேட்கவில்லை.

“பெத்த தாய்க்கு முன்னாடி புள்ளைய அறுத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா? நாளைக்கே எல்லாத்தையும் அவுத்து மலைக்கு ஓட்டிடறேன். உனக்குப் பாட வரலைன்னா போய் மீன் புடி.”

அவன் பெண்டாட்டி ரிஸ்தெனும் அங்கே நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் காலை டாக்டர் மருந்துப் பெட்டியோடு வந்தார். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான். “கடைசித் தடவை,” என்று ஹேய்க்கா மான்களைப் பூட்டினான். பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன். அவன் முன்னால் உட்கார்ந்து பாடினான். நான் பின்னால்.

ஏரிக்கு மேலே வரும்போது காற்று அடங்கியிருந்தது. அவன் தோளில் கை வைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, “குளுருதாண்ணா?” என்றான். தள்ளினேன். அதிக பலம் தேவைப்படவில்லை.

பாட்டு நின்றதும் மான்கள் அவன் பின்னாலேயே கீழே பாயப் பார்த்தன. வண்டி கவிழ்ந்திருக்கும். நல்லவேளை, பின்னிருக்கைக்கு அடியில் முசெத்தின் கன்று சாக்கில் இருந்தது. முதல்நாள் இரவே வைத்திருந்தேன், பழக்கத்தில். கத்தியும் கையில் இருந்தது. முசெத் மேலே ஏறிவிட்டாள். மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனே தவறி விழுந்தான் என்று ரிஸ்தெனிடம் சொன்னேன்.  அவள் நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், மறுக்கவில்லை. ஆனால் மான்களை வேறொருவரிடம் ஒப்படைக்காதீர்கள், ஏங்கிப் போய்விடும். இப்போதெல்லாம் எனக்குப் பாட்டும் வேண்டாம், கன்றும் வேண்டாம். என் காலடிச் சத்தம் கேட்டாலே போதும், எல்லாம் ஒன்றாக எழும்பிக் கயிறு அறுந்துபோகிற அளவுக்கு வானத்தில் நின்று இழுக்கின்றன. வேலை மேல் அவ்வளவு ஆசை.