ருசி பார்த்துக் கொடுத்தவள்

அந்த ஹோட்டலில் சாப்பாடு நன்றாகவே இருந்தது, மேடம். வெளிச்சம்தான் போதவில்லை. மெனு அட்டையைப் படிக்க எல்லோரும் கைபேசியில் டார்ச் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றபடி சுத்தமான இடம், நல்ல சமையல். அவர்கள்மேல் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. பரிமாறின பஷீர் பாய்மேல் துளிகூட இல்லை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அவரிடமிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. ஷாலுவிடமிருந்து தொடங்க வேண்டும்.

நானும் ஷாலுவும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரே மாடி. எதிரெதிர் கதவு. அவளுக்கு அப்பா இல்லை. அவள் அம்மா கெங்கம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஷாலு எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

அப்போது சின்ன வயது. காசிமேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஷாலு எறா வடை தின்றாள், இறால் போட்ட வடை. தின்ற கையோடு உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. என் அப்பா அவளைத் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழி முழுக்க அவள் தலை என் மடியில் இருந்தது. எறா இந்த உடம்புக்கு ஆகாது, அடுத்த முறை இந்த அளவுகூடத் தாங்காது என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து கெங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழிலு, நான் வேலைக்கிப் போயிடுவேன். இது வாயக் கட்டாது. நீதான் கூடவே கீற. யாரு எது குடுத்தாலும் நீ துன்னு பாத்துட்டு இதுக்குக் குடும்மா."

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் கூழ், பிரியாணிக் கடை, எங்கே உட்கார்ந்தாலும் முதல் வாய் என்னுடையது. எறா பொரித்த எண்ணெயில் அப்பளம் போட்டிருந்தால்கூட நாக்கில் தெரிந்துவிடும். ஷாலு பேசிக்கொண்டே தட்டை என் பக்கம் தள்ளுவாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் திருப்பித் தள்ளுவேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். பாதி வாக்கியத்தில் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே தின்பாள். ஒருத்தி இன்னொருத்தியை அதைவிட அதிகமாக நம்ப முடியாது.

பெரியவர்கள் ஆன பிறகும் அப்படித்தான். இரண்டு பேரும் ராயபுரத்தில் ஒரு கன்டெய்னர் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்த்தோம். அவள் அக்கவுண்ட்ஸ், நான் டெஸ்பாட்ச். இடையில் எனக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். அங்கே போய்விட்டால் இவளுக்கு யார் என்று நினைத்து வேண்டாம் என்றேன். அதை ஷாலுவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான்.

பிறகு அவளுக்குத் தரமணிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல விஷயம். எனக்கு அவள் சொல்லவில்லை, கெங்கம்மா சொன்னார். அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கைபேசியில் படம் காட்டுவாள். ஜப்பான் சாப்பாடு, கொரியா சாப்பாடு, மெழுகுவத்தி வைத்த மேஜைகள்.

"இதெல்லாம் யாரு துன்னு பாத்தாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெய்ட்டர்கிட்ட கேட்டா சொல்லிடறாங்க, எழில். சிம்பிள்" என்றாள். அவள் என்னை எழிலு என்று கூப்பிடுவதை எப்போது விட்டாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அவளுக்குப் பதவி உயர்வு வந்தபோது என்னை விருந்துக்குக் கூப்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறிப் போனேன். சாயங்காலம். உள்ளே நுழைந்ததும் நீளமான பார். ஒருவர் கோப்பையில் எதையோ ஊற்றினார், அதிலிருந்து புகை வந்தது. மேஜையில் ஷாலுவின் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், ஜானட், காலித். ஜானட் நல்ல பெண். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

மெனுவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பெயர்களை எல்லாம் வெளிநாட்டுப் பலகாரங்களோடு கோர்த்து வைத்திருந்தார்கள். கொருக்குப்பேட்டை சுண்டல் டாக்கோ என்று ஒன்று. பர்மா அத்தோ சாலட் என்று ஒன்று. அத்தோ எங்கள் உயிர், மேடம். பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில் நானும் ஷாலுவும் சம்பள நாளில் தவறாமல் தின்போம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, வறுத்த பூண்டு, அவ்வளவுதான். அதில் எறா கிடையாது. அவள் பயமில்லாமல் தின்ற ஒரே வெளிச்சாப்பாடு அதுதான்.

மற்றவர்கள் குடித்தார்கள், நான் லைம் சோடா. ஷாலு இரண்டாவது கோப்பையில் இருந்தபோது காலித் என்னைக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் எப்படி ஃபிரெண்ட்ஸ்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

ஷாலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருங்க, நடிச்சுக் காட்றேன்" என்றாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள். அது நான் உட்காரும் விதம் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "இன்னாமே, அப்டியே எட்த்துத் துன்னுகினு கீற? குட்றீ இங்க. நான் துன்னு பாக்காம நீ துன்னுருவியா? செத்துக்கித்துப் போயிட்டா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

காலித் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அது நான் பேசுகிற பேச்சு. அவளும் பேசின பேச்சு, அவள் அம்மா இன்றைக்கும் பேசுகிற பேச்சு. ஏதோ சினிமாவில் வரும் ரவுடியின் பேச்சுபோல அதைப் பேசிக் காட்டினாள்.

ஜானட் மட்டும், "பாவம், உன்மேல அக்கறைதானே" என்றாள்.

"அக்கறையா? எங்க வீட்ல கறி எடுத்தா முதல்ல வாசம் பிடிச்சு வர்றது இவதான். முதல் வாயே இவளோடது. அலர்ஜி எனக்கு, சாப்பாடு இவளுக்கு." பிறகு கைப்பையைத் திறந்து பேனாபோல ஒன்றை எடுத்துக் காட்டினாள். எறா பட்டுவிட்டால் தொடையில் குத்திக்கொள்கிற ஊசி மருந்தாம். ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்தாராம். "இப்ப இதுதான் என்னோட எழில். பேசாது, என் தட்டுல கை வைக்காது."

நானும் சிரித்தேன். ஷாலு என் தோளில் கை போட்டு, "சும்மாமே" என்றாள். அந்த ஒரு 'மே'யைக்கூட அவர்களுக்காகத்தான் சொன்னாள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், மேடம். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். எனக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. மழை விட்ட பிறகு தெருவிளக்கு பளிச்சென்று தெரியுமே, அப்படி. அவள் வீட்டில் நான் தின்றதெல்லாம் அவளுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாரில் இன்னொரு கோப்பையில் புகை விட ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் படமெடுக்க எழுந்தார்கள். மற்ற இரண்டு பேரும் முன்னால் போய்விட, ஷாலு கைப்பையை என்னிடம் கொடுத்தாள். "பாத்துக்கோ. வெய்ட்டர் வந்தா சாப்பாடு நீயே சொல்லிடு. அலர்ஜியையும் சொல்லிடு, உனக்குத் தெரியாததா."

பஷீர் பாய் வந்தார். நடுவயது, வெள்ளைக் கையுறை. பக்கத்து மேஜையில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நான் வாயைத் திறந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னாம்மா, நம்ம ஏரியாவா? நானு வண்ணாரப்பேட்ட" என்றார். அன்றைக்கு அந்த இடத்தில் என்னிடம் என் பேச்சில் பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் அத்தோ கேட்டேன்.

"சொல்லிட்றேன், இது நம்ம வண்டி அத்தோ இல்ல. பர்மாக்காரன் செய்றாப்புல சென்னாக்கூனி வறுத்துப் பொடி பண்ணி மேல தூவுவாங்க. வேர்க்கல்லப் பொடி மேரி இர்க்கும், கண்ணுக்குத் தெரியாது. யாருக்கும் எறா அலர்ஜி கிலர்ஜி இல்லியே?"

சென்னாக்கூனி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பொடி எறாதான், காயவைத்தது.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றேன்.

"ஒரு தபா கேட்டுக்கோம்மா."

"எல்லாருக்கும் நான்தான் சொல்றேன். போட்டே எட்த்துனு வாங்க."

ஆஸ்பத்திரியில் உங்கள் எஸ்.ஐ. விசாரித்தபோது, பரிமாறினவர் எதுவுமே கேட்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அவர் கேட்டார், எச்சரித்தார், திரும்பவும் கேட்டார். அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், நீங்கள் கேஸும் போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தப்பும் செய்யாதவர் என்னால் கஷ்டப்படக் கூடாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அத்தோ வந்தது. கறுப்புக் கிண்ணத்தில், மேலே ஒரு பூ. ஷாலு வந்து உட்கார்ந்தாள். "அத்தோ" என்று கைதட்டினாள். அந்த நிமிஷம் மட்டும் அவள் முகம் பழைய முகமாக இருந்தது. பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "துன்னு பாருமே" என்றாள். காலித் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தான்.

நான் ஒரு வாய் எடுத்தேன். புளி, பூண்டு, எலுமிச்சை இலை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் கூனி. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நான் மென்று, விழுங்கி, கொஞ்சம் யோசிப்பது தெரியும். ருசியைப் பார்க்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அவளுக்கு நேரம் கொடுத்தேன், மேடம். என் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீது. துன்னு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் பாதிக் கிண்ணம் தின்றாள். முதலில் காதைச் சொறிந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு குரல் போய்விட்டது. ஜானட் எழுந்து கத்தினாள். காலித் ஆம்புலன்ஸுக்குப் பேசினான். பஷீர் பாய் ஓடிவந்து அவளைத் தரையில் சாய்த்துப் பிடித்தார். ஷாலு கையை நீட்டி விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பை, அந்த ஊசி, பை எங்கே?" என்று ஜானட் நாற்காலிகளைத் தள்ளித் தேடினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எழில், பையப் பாத்தீங்களா?"

பை என் மடியில் இருந்தது. மேலே துணி நாப்கின் விரித்திருந்தேன். அது என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பை. பார்த்துக்கொண்டேன்.

"பாருகிட்ட எட்த்துனு போனாளே" என்றேன். ஜானட் பாருக்கு ஓடினாள். காலித்தும் ஓடினான். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

கெங்கம்மா இப்போதும் என்னைத்தான் பிடித்துக்கொண்டு அழுகிறார். "நீ கூட இருந்தும் இப்டி ஆயிப்போச்சே எழிலு" என்கிறார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. ஊசியைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அப்படியென்றால் பாதியை நாக்கால் செய்தேன், பாதியைக் கையால் செய்தேன். கூனி இருப்பது தெரிந்து ஊட்டினேன், ஊசி இருப்பது தெரிந்து மறைத்தேன். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு பேர் அவளைச் சுற்றி ஓடினார்கள். புது சிநேகிதர்கள், மேனேஜர், டாக்டர் என்று சொல்லிக்கொண்டு பக்கத்து மேஜையிலிருந்து வந்த ஒருவர். ஷாலு அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தாள். கண் மூடும் வரைக்கும் என்னை நோக்கித்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கு நான்தான் வேண்டியிருந்தது, மேடம்.