வளையத்தில் நாலு இடம்

அக்கா: வலது கையக் கீழ போடு. டார்ச்ச இடது கையில பிடி.

தம்பி: டார்ச் என்ன ஒரு மூட்டை கனமா இருக்கு?

அக்கா: மணிக்கட்ட ஒரு மாசம் அசைக்கக் கூடாதுன்னாரு டாக்டர். ஆறலைன்னா ஆபரேஷன். அப்புறம் உன் தையல் கடையில கத்திரிக்கோல எவன் பிடிப்பான்?

தம்பி: சரி, சரி... இந்தா, இடது கை. ஆனா ஒண்ணு சொல்லு. நல்லா ஓடுற இந்த அலுமினியம் குடையற மெஷின எதுக்கு நோண்டுற?

அக்கா: நோண்டல, மூளைய மாத்தறேன். இந்தப் பச்சைக் கார்டுதான் மூணு மோட்டாருக்கும் எவ்வளவு சுத்தணும்னு சொல்லுது. இதுக்கு வயசாயிடுச்சு.

தம்பி: உனக்கும்தான் ஆயிடுச்சு. மாத்திட்டமா?

அக்கா: வாய மூடிட்டு வெளிச்சத்த இங்க காட்டு.

தம்பி: நிஜமாத்தான் கேக்கறேன்க்கா. நீ குடைஞ்ச லென்ஸ் வளையம் ஒண்ணாவது சரியில்லன்னு திரும்பி வந்திருக்கா? அத வாங்குற தொலைநோக்கி சங்கத்துக்காரர் என்ன சொன்னாரு?

அக்கா: கையால இழைச்ச மாதிரி வழவழன்னு இருக்குன்னாரு.

தம்பி: ...ஆமா. அப்படித்தான் சொன்னாரு.

அக்கா: ஏன் முகம் ஒரு மாதிரி போகுது?

தம்பி: வெளிச்சம் கண்ணுல படுது.

அக்கா: டார்ச் உன் கையிலதான் இருக்கு.

தம்பி: ...புதுசு அப்படி என்னத்தக் கிழிக்கப் போகுது?

அக்கா: உன் தையல் மெஷின் சக்கரத்த முன்னால சுத்திட்டு, சட்டுனு பின்னால திருப்பு. ஊசி உடனே அசையுமா?

தம்பி: என்னுது கிழட்டு மெஷின். ஒரு நூலளவு சும்மா சுத்தும், அப்புறம்தான் அசையும்.

அக்கா: அதேதான். இங்கயும் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல ஒரு நூலளவு ஆட்டம் இருக்கு. திசை மாறும்போது மோட்டார் சுத்தும், வளையத்தத் தாங்குற இந்த மேசை நகராது. பழைய கார்டு பாவம், நகர்ந்துட்டதா நினைச்சுக்கும். புதுசுகிட்ட, திரும்பும்போதெல்லாம் இவ்வளவு கூடச் சுத்துன்னு எழுதி வச்சிடலாம்.

தம்பி: அப்போ இதுவரைக்கும் குடைஞ்சதெல்லாம்...

அக்கா: என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

அக்கா: டாக்டர் கேட்டாரே, இப்படி வலிக்கிற மாதிரி என்ன வேலை பண்றீங்கன்னு. கத்திரிக்கோல்னு சொன்ன.

தம்பி: தையல்காரன் வேற என்னத்தச் சொல்வான்?

அக்கா: ம்... கரண்ட் குடுக்கறேன். சிவப்பு பட்டன் மேல விரல வச்சுக்கோ. எது தப்பா ஓடினாலும் அமுக்கு.

தம்பி: அமுக்கிட்டேன்.

அக்கா: ஏண்டா?

தம்பி: வலப்பக்கம் போன்னு சொன்ன, அது இடப்பக்கம் போச்சு. அப்படியே உன்னை மாதிரி.

அக்கா: ஒரு ஜோடி ஒயர இடம் மாத்திப் போட்டா இது திருந்திடும். உனக்குத்தான் அந்த வசதி இல்ல... ம், இப்போ பாரு.

தம்பி: போகுது... அழகாப் போகுது.

அக்கா: ஒரு வளையம் குடைஞ்சு பாத்துடலாம். கொஞ்சம் தள்ளி நில்லு, சீவல் தெறிக்கும்.

தம்பி: சீவல் நின்னுடுச்சு... முடிஞ்சிடுச்சா? குடு, வழக்கம் போல நான் துடைச்சு பேக் பண்ணிட்டு வந்துடறேன்.

அக்கா: துடைக்கிறதுக்கு எதுக்கு உன் ரூமுக்குப் போகணும்? இங்கயே துடை.

தம்பி: நல்ல துணி அங்கதான் இருக்கு...

அக்கா: இந்தா துணி. துடைச்சிட்டு, கட்டைவிரலால தடவிப் பாத்துச் சொல்லு.

தம்பி: இல்லக்கா.

அக்கா: என்ன இல்ல?

தம்பி: மேடு இல்ல. ஒரு இடத்துலயும் இல்ல.

அக்கா: உன் விரல் முழு வட்டமும் போகலியே. திருகு ஓட்டைய மேல வச்சுக்கிட்டு, மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு நாலே இடத்தத்தான் தடவின. மேசை திசை மாறுறதும், மேடு விழறதும் அந்த நாலு இடத்துலதான். அத நான் உனக்குச் சொல்லவேயில்லையே.

தம்பி: அந்த மேட்டையெல்லாம் அரம் போட்டு ராவினேன். நீ வேலைக்குப் போனதும்.

அக்கா: எத்தன வளையம்?

தம்பி: எல்லாமே.

அக்கா: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

தம்பி: மாமா உன்ன விட்டுட்டுப் போனப்புறம் ஒரு வருஷம் இந்த வீட்டுல உன் குரலே கேக்கல. முதல் வளையம் வெளிய வந்த அன்னிக்கு, பாத்திரம் கழுவிக்கிட்டே பாடின. அதுல நாலு மேடு இருக்குன்னு நான் எந்த வாயால சொல்றது?

அக்கா: அதுக்குன்னு கையவா குடுப்ப? உன் பொழப்பே அதுல இருக்குடா.

தம்பி: கத்திரிக்கோலும் ஒரு காரணம்தான்... கோவிச்சுக்காதக்கா. நல்லவேளை, கார்டு மாத்தணும்னு உனக்கே தோணுச்சு.

அக்கா: தானாத் தோணலடா. போன மாசம் உன் துணி வெட்டுற மேசைக்கு அடியில பெருக்கினேன். தையல்காரன் காலடியில நூல் கிடக்கும், துண்டுத்துணி கிடக்கும்... அலுமினியத் தூள் எப்படி வந்துச்சுன்னு வெளக்கமாத்தும் கையுமா ரொம்ப நேரம் நின்னேன். அன்னிக்குச் சாயங்காலமே புதுக் கார்டுக்கு ஆர்டர் சொல்லிட்டேன்... கைய நீட்டு, மணிக்கட்டுல கட்டின பட்டை நழுவுது. இறுக்கிக் கட்டி விடறேன்.