மறுபக்கத்துல இருந்து நீட்டின கை

சாயங்காலம் ஆறரை இருக்கும். அடைமழை. ஊரைத் தாண்டி ஒத்தை வீடு மட்டும் நிக்கிற ரோடு... ஒரு நாய்கூடப் போகாது. ஏய், சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கோ, அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வாடான்னு என்னைக் கூப்பிடாத. இது என் கூட்டாளியோட சித்தப்பாவுக்கு, அதாவது அவன் அம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. ஸ்கூல் வேன் ஓட்டுறவர்.

வேன்ல கிளட்ச் போச்சு. சித்திக்கு நிறைமாசம். டாக்டர் சொன்ன தேதிக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள நாமளே மாத்திடலாம்னு மனுஷன் வீட்டு ஷெட்லயே வேலையை ஆரம்பிச்சுட்டாரு. ஆயிலை வடிச்சு, பின்சக்கரத்துக்குப் போற தண்டைக் கழட்டி, கியர்பாக்ஸைக் கீழ இறக்கியாச்சு. புது கிளட்ச் பிளேட்டும் மாட்டியாச்சு. இறக்குறது சுலபம்ப்பா, அதோட கனமே பாதி வேலையைப் பாத்துடும். ஏத்தும்போதுதான் உயிர் போகும். ஒருத்தர் கீழ தாங்கணும், இன்னொருத்தர் கியர்பாக்ஸ் ஷாஃப்டை பிளேட்டோட ஓட்டைக்கு நேரா விடணும். ரெண்டு ஆள் வேலை. மறுநாள் காலையில மச்சானை வரச் சொல்லியிருந்தாரு.

அப்பதான் உள்ள இருந்து சித்தி கத்தினாங்க.

ஓடிப் பாத்தா... தரையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸுக்கு அடிச்சாரு. எல்லா வண்டியும் வெளிய போயிருக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும்னுட்டாங்க. மச்சான் போனை எடுக்கல. பாவம், மனுஷனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

வேனுக்கு அடியில பூந்தாரு. நெஞ்சு மேல வெச்சு கியர்பாக்ஸைத் தூக்குறாரு... கர்ர்ர்... டொக். நழுவுது. மறுபடியும் தூக்குறாரு... டொக். உள்ள சித்தி சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. கத்தினதைவிட அதுதான் அவருக்கு பயம். கண்ணுல ஆயில் வேற. அப்படியே படுத்துக்கிட்டு ஓன்னு அழுதாரு. "யாராவது ஒரு கை பிடிங்கய்யா! என்ன வேணும்னாலும் தர்றேன்!"

மறுபக்கத்துல இருந்து ரெண்டு கை உள்ள வந்துச்சு.

முழங்கை வரைக்கும் கிரீஸ். கருகின ஆயில் வாசம். முகம் தெரியல. நெஞ்சு மேல இருந்த கனம் சட்டுனு போச்சு. மச்சான்தான்னு நினைச்சாரு. "லேசா திருப்பு மச்சான்... இன்னும் கொஞ்சம்..."

க்ளக். கியர்பாக்ஸ் உக்காந்துருச்சு.

இவரு ஒரு போல்ட்டை முறுக்கி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கை அடுத்ததை நீட்டுது. எல்லாத்தையும் மாட்டி, ஆயிலை ஊத்திட்டு வெளிய வந்து பாத்தா... யாரும் இல்ல. வாசல்ல அவ்வளவு சேறு, ஒரு கால்தடம்கூடக் கிடையாது. அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? சித்தியைத் தூக்கிப் பின்சீட்ல படுக்க வெச்சு வண்டியை விட்டாரு.

பாதி வழியில சித்தி முனகினாங்க. "அவரைக் கொஞ்சம் கையை விடச் சொல்லுங்க... வலிக்குது."

கண்ணாடியில பாத்தாரு. பின்சீட்ல சித்தி மட்டும்தான். அவங்க வலது கை அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்குது... யாரோ பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி. திரும்பிப் பாக்காம ஆக்சிலேட்டரை மிதிச்சாரு.

சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டாங்க. உள்ள தூக்கிட்டுப் போனாங்க. இவரு வெளிய நின்னு சாமி பேரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. குழந்தை வீல்னு அழுற சத்தம் கேட்டதும் செவுத்துல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதாரு.

ரொம்ப நேரம் கழிச்சு நர்ஸ் வெறுங்கையோட வந்தாங்க. "அம்மாவுக்கு ஆபத்தில்ல. பொண்ணு."

"குழந்தை எங்கம்மா?"

நர்ஸ் அவரை ஒரு மாதிரிப் பாத்தாங்க. "உங்க அண்ணன்கிட்டதான் கொடுத்தேனே... பின்கதவு வழியா வந்தாரே. கையெல்லாம் கிரீஸ். கழுவிட்டு வாங்கன்னேன்... நேரமில்லம்மான்னு வாங்கிட்டுப் போனாரு."

இவரு வீட்டுக்கு ஒரே புள்ள.

அப்ப வெளிய, மழையில, வேன் ஸ்டார்ட் ஆச்சு. சாவி இவரு சட்டைப் பையிலதான் இருக்கு... ஃபர்ஸ்ட் கியர் விழுந்துச்சு. அப்புறம் செகண்ட்.