மாடி வீட்டுக்கு ஒரே ஒரு கண்டிஷன்

…அதத்தாம்மா கேக்குறேன், கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு புள்ள பெத்துக்க நேரமில்லாம அப்படி என்ன பொல்லாத வேலை? என் பையனத்தான் சொல்றேன். நீ மேல ஏறி வா, வீட்டப் பாத்துக்கிட்டே பேசலாம். இதுதான் ஹால். காத்து பிச்சுக்கிட்டுப் போகும்.

போன்ல கேட்டா ஒரே பாட்டு. "ரெண்டு பேரும் சம்பாதிச்சாத்தாம்மா வாடகையே குடுக்க முடியுது. அவ வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா கம்பெனியில வேற ஆள வச்சுருவான். அப்பறம் ஸ்கூல் ஃபீஸு…" இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள ஃபீஸு! நான் நாலு பெத்தேன், ஃபீஸப் பாத்தா பெத்தேன்? நாலும் ஒரே பாயில கெடந்துச்சு, சரி, அது வேற விஷயம்.

இது சமையக்கட்டு. குழாய் லேசா சொட்டும், கண்டுக்காத.

எங்க விட்டேன்? ஆங்… அதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். போன வாரம் ஒண்ணு சொன்னாம் பாரு, வயிறு பத்திக்கிட்டு எரியுது. அவன் வீட்டு ஓனரு இருக்கானே, குழந்தை பொறந்தா காலி பண்ணணும்னு சொல்லித்தான் சாவியவே குடுத்தானாம்! கேட்டியா அநியாயத்த? அந்தாளு மட்டும் என்ன, வானத்துலேருந்து குதிச்சானா? அவனெல்லாம் ஒரு மனுசனா?

சுவரத் தொடாதம்மா, புதுப் பெயிண்டு. முன்னாடி இருந்தவங்களுக்கு ஒரு வாண்டு. சுவரு பூரா கிறுக்கல், தண்ணித் தொட்டியில செருப்பு, மத்தியானம் கண்ண மூடுனா தலைக்கு மேல தடதடன்னு ஓட்டம். அனுப்பிட்டேன். அதுலேருந்து ஒரே கண்டிஷன்தான், குழந்தை குட்டி இல்லாதவங்களுக்கு மட்டுந்தான் வீடு.

ஏன் அப்படிப் பாக்குற? அது வேற, இது வேற! அந்தாளு என் பேரப்புள்ளையவே தடுக்குறானே!

என்னம்மா, இந்தப் படிக்கே இப்படி மூச்சு வாங்குது? முகமெல்லாம் வெளுத்து… இரு இரு. எத்தன மாசம்?

அட என் கண்ணே! ஒக்காரு மொதல்ல. கேக்கவே மனசு குளுந்து போச்சு. நல்லபடியாப் பெத்துப் பொழச்சு வாம்மா!

வீடா? வீடு எப்படிம்மா குடுக்கறது, இப்பத்தான சொன்னேன்…

அட, கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சா எப்படி? மெதுவா எறங்கும்மா, வயித்துப் புள்ளக்காரி! அப்படியே பக்கத்துத் தெருவுலயும் கேட்டுப் பாரு. மனசாட்சி உள்ளவங்க யாராச்சும் இருப்பாங்க!