துணிக்கொடியில் போய்க் கவிழ்ந்த மூன்று சக்கரக் கார்

இந்தியானா மாநிலம் எல்க்ஹார்ட் நகரில் வசிக்கும் லெஸ்டர் டென்பி மகன் ரஸ்ஸல் டென்பி, வயது 31, துணை ஷெரிப் முன்பாக 1936 ஜூன் மாதம் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி ஊரில் குடியிருக்கிறேன். பொறியாளர் ஹாலிஸ் ப்ரூவர் தம் பட்டறையில் செய்த புதுக் காரை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அந்த மாதிரியில் வேறு கார் கிடையாது. முன்சக்கரங்கள் இரண்டும் இழுக்கும், பின்னாலுள்ள ஒற்றைச் சக்கரம் திருப்பும். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, மீனைப்போல் வால் ஒடுங்கிய கூடு. காற்றில்லாத நாளில் எண்பது மைல் வேகத்திலும் குலுங்காது. பக்கக்காற்று அடித்தால் மட்டும் வால் லேசாகத் தூக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். முன்பு சமாளித்துவிட்டதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை ப்ரூவரை அருகில் உட்காரவைத்து ஓட்டி வந்தபோது, யோடர் என்பவரின் பண்ணையருகே காற்று பலமாக அடித்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லாமல், கார் வேலியை உடைத்து வீட்டுக் கொல்லைக்குள் புகுந்து பக்கவாட்டில் கவிழ்ந்தது. மேற்பக்கமாகிவிட்ட கதவு வழியாக நாங்கள் வெளியே வந்தோம். பெரிய காயமில்லை. அதன் பிறகு யோடர் ஓடிவந்தார். காருக்கடியில் ஒரு நீல உடையின் கை தெரிந்தது.

“அது லிடியாவோட உடுப்பு,” என்றார். லிடியா அவர் மனைவி.

அதன் பிறகு மூவரும் சேர்ந்து காரைத் தூக்கினோம். சாதாரணக் காராக இருந்தால் அசைத்திருக்கவே முடியாது; கூடு இலேசானது என்பதால் எழும்பியது. கீழே அறுந்த துணிக்கொடியும் அந்த நீல உடுப்பும் மற்ற ஈரத்துணிகளும் மட்டுமே கிடந்தன.

அப்போது கோழிக்கூண்டுப் பக்கமிருந்து முட்டைக்கூடையோடு ஒரு பெண் வந்தார்.

“என்னங்க, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? காலையிலேருந்து துவைச்சுப் போட்டதெல்லாம் இப்படி மண்ணுல கிடக்கு. யாரு வண்டி இது?”

யோடர் கூடையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. ப்ரூவர் புல்தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லிடியா அம்மாள் கோபம் தணியாமலே எங்களுக்குக் காப்பி கொடுத்தார்.

வேலியைக் கட்டிக் கொடுத்தால் போதும், புகார் இல்லை என்று யோடர் சொன்னார். பட்டறைக்குத் திரும்பும் வழியில், “திருப்புற சக்கரத்த முன்னாடியே வச்சிடுவோம், ரஸ்ஸல்,” என்றார் ப்ரூவர். பின்சக்கரத்தால் திருப்புவது அவர் பல வருடம் கட்டிக் காத்த யோசனை. சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை.

நான் சொல்ல எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுவே, கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

(ஒப்பம்) ரஸ்ஸல் டென்பி